எஸ்தர் எழுதாத தலைப்பு

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரில் எழுதியிருப்பது பொய்.

"ஒப்பாரிப் பாடல் ஆய்வாளர் எஸ்தர் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று இருக்கிறது. எஸ்தர் அக்கா ஒரு நாளும் ஒப்பாரியை ஆராய்ந்ததில்லை. அந்தத் தலைப்பை அவர் தேர்ந்தெடுக்கவும் இல்லை. தேர்ந்தெடுத்து, முனைவர் பட்டப் பதிவுப் படிவத்தில் தன் கையால் எழுதியவர் இந்த மேடையில் இருக்கிறார். இந்தக் கூட்டத்துக்குத் தலைமையும் ஏற்றிருக்கிறார்.

தலைமை ஏற்றிருக்கும் தமிழ்த்துறைத் தலைவர், பேராசிரியர் சம்பத்குமார் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, தாமலிலிருந்து வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் எஸ்தர் அக்காவின் தாயார் எல்லம்மாள் அம்மா அவர்களே, தம்பி டாக்டர் டேனியல் அவர்களே, மாணவர்களே, ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியாமலே கல்லூரிக்கு வரும் என் சக கௌரவ விரிவுரையாளர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் கலையரசி. எஸ்தர் அக்காவோடு ஒரே மேசையில் நான்கு வருடம் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு இழுப்பறை. அதில் முக்கால்வாசி இடம் அக்காவின் நோட்டுகளுக்கு. மிச்ச இடத்தில் என் டிபன் பாக்ஸ். பதினெட்டு நாளுக்கு முன்னால், டெங்குக் காய்ச்சல் வந்த ஐந்தாவது நாள், முப்பத்தெட்டு வயதில் அக்கா போய்விட்டார். இப்போது இழுப்பறை முழுவதும் எனக்கு. ஆனால் அந்த நோட்டுகளை எடுக்க எனக்குக் கை வரவில்லை. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

காஞ்சிபுரத்தில் யாருக்கு இரங்கல் கூட்டம் நடந்தாலும் ஒரு நெசவு உவமை சொல்வார்கள். பாவு, ஊடு, பட்டு, ஜரிகை. இன்று எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். அக்காவுக்கு அது பிடிக்காது. அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் தறி இருந்ததில்லை. நிலமும் இருந்ததில்லை. தாமல் ஏரித் தண்ணீர் பாய்ந்த எத்தனையோ வயல்களில் அவர்கள் நாற்று நட்டிருக்கிறார்கள். ஒரு வயலும் அவர்களுடையதாக இருந்ததில்லை. எல்லம்மாள் அம்மா இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் காய்கறி நறுக்குகிறார்.

நான் பிள்ளையார்பாளையத்துக்காரி. எங்கள் வீட்டில் தறி உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பேச்சுவாக்கில் அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, நீங்க ஒப்பாரி ஆராய்ச்சியாமே? ஒண்ணு பாடுங்களேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீ மொதல்ல ஒரு பொடவ நெய்ஞ்சு காட்டு."

"எனக்கு நெய்யத் தெரியாதே அக்கா."

"எனக்கும் ஒப்பாரி தெரியாதும்மா. எங்கம்மாவுக்கே வராது. ஊர்ல யாராச்சும் செத்தா அது வெங்காயம் உரிச்சுக்கினு சோறாக்கப் போய்டும். அழுதா மாதிரியும் ஆச்சு, வேலையும் ஆச்சு."

எல்லம்மாள் அம்மா சிரிக்கிறார். சிரியுங்கள் அம்மா. அக்கா இருந்தால் இந்தக் கூட்டத்தில் இரண்டு தடவையாவது சிரிக்க வைத்திருப்பார்.

அப்படியானால் எஸ்தர் அக்கா எதை ஆராய்ந்தார்? பெலாருஸ் மொழியையும் கலீசிய மொழியையும் ஒப்பிட்டார். எத்தனை பேர் அந்த இரண்டு பெயரையும் கேட்டிருக்கிறோம்? நான் கேட்டதில்லை. ருஷ்யாவுக்கும் போலந்துக்கும் நடுவில் இருக்கும் நாடு பெலாருஸ். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலை கலீசியா. இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு கண்டமே இருக்கிறது. ஒன்று ருஷ்ய மொழிக்கு உறவு, இன்னொன்று போர்ச்சுகீசிய மொழிக்கு உறவு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

அவை சந்தித்த இடம் தாமல் காலனியில் ஒரு கைப்பேசி.

டேனியல் மருத்துவம் படிக்கப் போனது பெலாருஸில் ஹ்ரோத்னா என்கிற ஊருக்கு; இப்போது வேலையும் அங்கேதான். இவர்களுடைய சித்தி மரியம்மாள் கன்னியாஸ்திரி. அவர் கலீசியாவில் லூகோ என்கிற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். இரண்டு பேரும் அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்புவார்கள். ஒரு நாள் டேனியல் அனுப்பினார்: "அக்கா, வார்டுல ஒரு கெழவி. பக்கத்துப் படுக்கையாண்ட உருளைக்கெழங்கப் பத்திப் பேசிக்கினே இருந்துது. பூல்பா, பூல்பான்னு. எங்க புரொபசர் உள்ள வந்தாரு. ஒடனே கர்தோஷ்கான்னுது. அது ருஷ்ய வார்த்தை. எதுக்கு மாத்திச்சுன்னு தெரியல." அதே வாரம் சித்தியிடமிருந்து வேறொரு செய்தி. அவர் இல்லத்தில் ஒரு தாத்தா பத்தாக்கா வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் வந்ததும் பத்தாத்தா என்றார். அது ஸ்பானிய வார்த்தை. அங்கேயும் அதே கிழங்குதான்.

அக்கா இரண்டு செய்தியையும் எல்லம்மாள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார். அம்மா அன்றைக்கு மண்டபத்தில் இரண்டு மூட்டைக் கிழங்கு உரித்துவிட்டு வந்திருந்தார். "அங்கயும் கெழங்குதான் துன்றாங்களா? டாக்டரக் கண்டா அவங்களுக்கும் நாக்கு மாறுதா? அப்போ நம்மள மாதிரிதான்" என்றார்.

ஒரு ஆய்வு அங்கே தொடங்கியது.

சித்தி லூகோவிலிருந்து ஒன்றாம் வகுப்புக் கலீசியப் பாடப்புத்தகம் அனுப்பினார். டேனியல் விடுமுறைக்கு வரும்போது பெலாருஸ் மொழி அரிச்சுவடி ஒன்று கொண்டுவந்தார். தாமலிலிருந்து வரும் பேருந்தில், ஜன்னலோரத்தில், முப்பத்திரண்டு வயதில் அக்கா இரண்டு ஒன்றாம் வகுப்பையும் ஒன்றாகப் படித்தார். "நானு மூணு தபா ஒண்ணாங்கிளாஸ் படிச்சவ, எங்கிட்ட வெச்சுக்காத" என்று எங்களை மிரட்டுவார். ஆறு வருடத்தில் இரண்டு மொழியிலும் செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். யார் சொல்லிக் கொடுத்தது? எந்த நிறுவனம் அனுப்பி வைத்தது? யாரும் இல்லை.

அவருடைய ஆய்வு முறை மூன்று கட்டம் போட்ட ஒரு நோட்டு. முதல் கட்டத்தில், யார் உள்ளே வந்தார். இரண்டாவதில், எந்த மொழி போனது. மூன்றாவதில், எந்த மொழி வந்தது. டேனியலும் சித்தியும் நோயாளிகளின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், குரலைப் பதிவு செய்ய மாட்டார்கள். அறைக்குள் நடந்ததை மட்டும் சொல்வார்கள். டாக்டர் வந்தார். மகன் வந்தான். பாதிரியார் வந்தார். துப்புரவுப் பணியாளர் வந்தார், மொழி மாறவில்லை. இப்படி ஆறு வருடம், பதினோரு நோட்டு.

அதிலிருந்து அக்கா கண்டுபிடித்ததை என்னால் முடிந்த அளவு சொல்கிறேன். இரண்டு மொழியும் ஒரு காலத்தில் பெரிய இடத்தில் இருந்தவை. கலீசியாவின் பழைய மொழியில் அரசவைகளில் பாட்டுக் கட்டினார்கள். பெலாருஸின் பழைய வடிவத்தில் ஒரு பெரிய அரசு சட்டமே எழுதியது. பிறகு இரண்டையும் கீழே இறக்கி, குடியானவன் பேச்சு என்றார்கள். கலந்து பேசினால் கேலி செய்தார்கள். பெலாருஸில் அந்தக் கலப்புப் பேச்சுக்கு ஒரு பெயர் உண்டு: திரசியான்கா. மாட்டுக்கு நல்ல புல் போதாதபோது வைக்கோலைக் கலந்து போடுகிற தீவனத்தின் பெயர் அது. மனிதர்கள் வாயில் இருப்பதற்கு மாட்டுத் தீவனத்தின் பெயர்.

பிறகு வேறுபாடு. பெலாருஸில் கணக்கெடுக்க வந்தால் பாதிப் பேருக்கு மேல் தாய்மொழி என்று பெலாருஸ் மொழியைச் சொல்கிறார்கள். வீட்டில் அதைப் பேசுவது அதில் பாதிப் பேர்தான். கலீசியாவில் பள்ளிக்கூடம் இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வீட்டில் பேச்சும் இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாதவர் எதிரே வந்தால் பழைய ஆட்கள் அதை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். அக்கா எழுதிய ஒரு வரி எனக்கு மனப்பாடம்: "ஒரு மொழியைக் குடியானவன் பேச்சு என்று சொல்வது மொழியைப் பற்றிய தகவல் அல்ல, நிலம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றிய தகவல்." அதற்கு அடுத்த பத்தியில் ஒரு கேள்வி. அந்த இரண்டு மொழிக்காவது காட்டுவதற்கு ஒரு அரசவை இருந்தது. அரசவையையே பார்க்காத ஒரு காலனியின் பேச்சு எதைக் காட்டி மரியாதை கேட்கும்?

இந்த வேலையைச் செய்தவரைத்தான் ஒப்பாரி ஆய்வாளர் என்று அச்சடித்திருக்கிறோம்.

பதிவு செய்யப் போன நாளில் என்ன நடந்தது என்பதை அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். சம்பத்குமார் சார் கோபமாகப் பேசவில்லை. அன்பாகத்தான் பேசினார். "ஏம்மா, பெலாருஸ் எங்கே இருக்குன்னு இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? உன் மக்களைப் பத்தி எழுது. ஒப்பாரியை எடுத்துக்கோ. அதை உன்னைவிட யார் நன்னா எழுதிட முடியும்?"

சொல்லிவிட்டுப் படிவத்தை இழுத்து, தலைப்பைச் சாரே எழுதினார். நல்லது செய்வதாகத்தான் அவர் நம்பினார். அதுதான் எனக்கு ஆத்திரம். அதே வருடம், அதே அறையில் வசிஷ்ட் பதிவு செய்தார். அவர் என் நண்பர், பின்வரிசையில் நிற்கிறார். அவருடைய தலைப்பு ஜப்பானிய இலக்கணமும் தமிழ் இலக்கணமும். அவரிடம் யாராவது "உன் மக்களைப் பற்றி எழுது" என்றார்களா? வசிஷ்ட் இல்லையென்று தலையை ஆட்டுகிறார். யாரும் சொல்லவில்லை. உலகம் முழுவதும் அவருக்கு. அவரவர் தெரு மட்டும் எங்களுக்கு. எங்கள் துக்கத்தைக்கூட நாங்கள் பாடிக் காட்டினால்தான் பட்டம்.

இது கோபத்துக்கான கூட்டம் இல்லை என்று முதல்வர் என்னைப் பார்க்கிறார். தெரிகிறது, ஐயா. அடுத்து அன்பானதையும் சொல்கிறேன். அதிலும் சம்பத்குமார் சார் இருக்கிறார்.

ஒரு நாள் மதியம் நாங்கள் துறைக்குள் போனபோது சார் போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அவருடைய அக்கா அம்ருதவல்லி அம்மாள். "பெருமாளைச் சேவிச்சுண்டு ஆத்துக்கு வந்துடறேன், சாத்தமுது மட்டும் பண்ணி வை, போறும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்தார். "சரி, பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிட்டார். எஸ்தர் அக்கா நேராக மேசைக்குப் போனார், நோட்டைத் திறந்தார், எழுதினார். நான் பயந்தே போனேன். அதோடு நிற்கவில்லை. நோட்டை எடுத்துப்போய் சாரிடமே காட்டினார். 'எஸ்தரும் கலையரசியும் உள்ளே வந்தார்கள். சார் மாறினார்.'

சார் படித்தார். அந்த நான்கு வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "என்னையும் உன் பட்டியல்லே சேர்த்துட்டியாம்மா?"

"எல்லாரையும் சேர்ப்பேன் சார். அதுக்கு மேல் வரியையும் படிங்க."

மேல் வரியில் இருந்தது: 'சார் உள்ளே வந்தார். நான் மாறினேன்.' அது ஒரு வரியோடு நிற்கவில்லை. பக்கம் பக்கமாக அந்த ஒரே வரி, தேதி மட்டும் வேறு. சாருடைய சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த இரண்டு கையையும் நான் பார்த்தேன். அதனால்தான் இன்றைக்கு இந்த மேடையில் இவ்வளவும் பேசத் துணிந்தேன்.

சார் மாறுவது எங்களுக்கு மரியாதை கொடுக்க. அக்கா மாறியது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஒன்றில்லை என்று காட்டத்தான் ஹ்ரோத்னாவும் லூகோவும் அவருக்குத் தேவைப்பட்டன. சொந்தத் தெருவைப் பற்றி நேராகச் சொன்னால் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்.

சென்ற தை மாதம் ஆய்வேடு முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அக்கா அதைச் சாரிடம் கொடுத்தார். பதிவில் இல்லாத தலைப்பு, வேண்டாம் என்று அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாம். சார் அப்படிச் செய்யவில்லை. முழுவதும் படித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் திருத்தம். ஒற்றுப்பிழை, விடுபட்ட தேதி, இங்கே இன்னும் விளக்குக, இது அருமை. கடைசிப் பக்கத்தின் அடியில், பென்சிலில்: "மிக நன்று. என் மாணவர்களில் யாரும் இப்படி எழுதியதில்லை. ஆனால் தலைப்பை மாற்ற இயலாது."

ஏன் இயலாது என்று அக்கா கேட்டார். "குழுவில் நான் என்னன்னு சொல்லுவேன்? இதை மதிப்பிட ஆள் வேண்டாமா?" என்றார் சார். வெளியே வந்த அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "மனுசன் நல்லாத்தான் படிச்சுக்கிறாரு கலை. பேனாவத்தான் எடுக்க மாட்டேங்குறாரு."

இனி மருத்துவமனையைப் பற்றி. நீளமாகப் பேச என்னால் ஆகாது.

நான்காம் நாள் நான் கூட இருந்தேன். காய்ச்சல் நூற்று நான்கு. அக்கா எல்லம்மாள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். தாமலில் பேசுகிற மாதிரி, வீட்டில் பேசுகிற மாதிரி. திரை விலகியது. டாக்டர் உள்ளே வந்தார். சின்ன வயசுப் பெண், நல்லவர். "என்ன பண்ணுது மேடம்?" என்று கேட்டார்.

நான் அக்காவின் வாயையே பார்த்தேன். நான்கு வருடமாக எனக்குப் பழகிய பார்வை அது. ஆள் மாறினால் அக்காவின் குரல் ஒரு படி ஏறும், வார்த்தைகள் சட்டை மாட்டிக்கொள்ளும். எனக்குத் தெரியும்.

அக்கா சொன்னார்: "ஒடம்பெல்லாம் அட்சுப் போட்டா மாதிரி நொந்துக்கினு கீது டாக்டர். கண்ணுக்குப் பின்னால குத்துது. தண்ணி கூட எறங்கல."

டாக்டருக்கு எல்லாம் புரிந்தது. குறித்துக்கொண்டு போனார். அக்கா என் பக்கம் திரும்பினார். உதடு வெடித்திருந்தது. சிரிக்கக் கஷ்டப்பட்டார், ஆனாலும் சிரித்தார்.

"கலை. நோட்டு எடுத்தாந்துக்கிறியா?"

"இருக்குது அக்கா."

"எழுதிக்க. டாக்டர் உள்ள வந்தாங்க. எஸ்தர் மாறல."

பதினோராவது நோட்டின் கடைசி வரி அதுதான். அது என் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டாவது கட்டமும் மூன்றாவது கட்டமும் காலி. அந்த ஒரு வரிக்காக ஆறு வருடம் எழுதியவர் அவர். மறுநாள் விடிகாலையில் அவர் இல்லை.

என் அக்காவே, எனக்குப் புத்தகமாக இருந்த என் அக்காவே, உங்களுக்கு முன்னால் நான் ஒன்று சொல்கிறேன். பன்னிரண்டாவது நோட்டை நான் வாங்கிவிட்டேன். மூன்று கட்டமும் போட்டாயிற்று. டேனியலும் சித்தியும் எனக்குச் செய்தி அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வருகிறது. முதல் வரியை இந்த மேடையில் ஏறும் முன்பே எழுதிவிட்டேன். 'கலையரசி மேடை ஏறினாள். அவளும் மாறினாள்.' ஆமாம், மாறித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்வேன்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் செய்ய முடியாது. அதற்கு ஒரே ஒருவரால்தான் முடியும்.

சம்பத்குமார் சார், அலுவலகத்தில் கேட்டேன். நெறியாளர் கையெழுத்திட்டுத் தலைப்பை மாற்றிப் பரிந்துரைத்தால், ஆய்வாளர் இறந்த பிறகும் ஆய்வேட்டை மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். மதிப்பிட ஆள் இல்லை என்றீர்கள். ஆட்களை டேனியலும் சித்தியும் தேடிவிட்டார்கள். ஹ்ரோத்னாவில் ஒரு பேராசிரியை, லூகோவில் ஒருவர். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு எழுதிய கடிதங்கள் இதோ இருக்கின்றன. இந்த மாதம் முப்பதாம் தேதி நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். மறுநாள் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அதற்குப் பிறகு நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் என் இழுப்பறையில் கிடக்கிற காகிதம். எஸ்தர் அக்கா என்றென்றைக்கும் ஒப்பாரியை முடிக்காமல் விட்ட பெண். எல்லம்மாள் அம்மா அந்தப் பேனரை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், சார். படிப்பார்.

உங்களை அவமானப்படுத்த நான் வரவில்லை. அக்கா உங்களைக் கடைசிவரை 'எங்க சார்' என்றுதான் சொன்னார். அந்த ஆய்வேட்டை இந்தக் கல்லூரியில் முழுமையாகப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். அது எப்படிப்பட்டது என்று பென்சிலில் எழுதியவரும் நீங்கள்தான்.

அதைப் பேனாவில் எழுதுங்கள்.

படிவம் உங்கள் எதிரிலேயே இருக்கிறது, அந்தத் தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே. கூட்டம் தொடங்கும் முன்பே நான்தான் வைத்தேன். தலைப்புக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அவருடைய தலைப்பு உங்களுக்குத் தெரியும். பேனாவின் மூடியையும் கழற்றித்தான் வைத்திருக்கிறேன். எல்லோரும் பார்க்க, இப்போதே, இந்த மேடையிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நான் மைக்கை விட்டு நகர மாட்டேன்.

எல்லம்மாள் அம்மா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சார்?